முள்சீத்தா இலைத் தண்ணீர் முதல் தோட்டத்து மருந்து வரை: நடுக்குவாதத்துக்கு நஞ்சுகள் காரணமா?

ஈசூன் வளர்மதி எழுதியது:

வணக்கம். என் மாமியாருக்கு 71 வயது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. கொஞ்ச காலமாகவே காலையில் வெறும் வயிற்றில் முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடித்து வருகிறார். புற்றுநோய் அண்டாது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திதான் காரணம். சந்தையிலும் கட்டுக் கட்டாக இலை கிடைக்கிறது. அண்மையில் கோயிலில் பார்த்த ஒருவர், “அதைக் குடித்தால் கைகால் நடுக்கம் வரும், நிறுத்தச் சொல்லுங்கள்” என்றார். மாமியாரோ, “கடவுள் படைத்த இலையில் என்ன விஷம் இருக்கப் போகிறது?” என்கிறார். இதில் உண்மை எவ்வளவு? நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயைப் பற்றிப் படித்தவர்களும் பக்கத்திலிருந்து பார்த்தவர்களும் சொல்லுங்கள். வீட்டில் சண்டை வராமல் எடுத்துச் சொல்ல எனக்கு நாலு விஷயம் வேண்டும்.

மருந்தகத்து இளங்கோ எழுதியது:

வளர்மதி, கோயிலில் உங்களிடம் பேசியவர் வதந்தியைச் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

கரீபியக் கடலில் குவாடலூப் என்று பிரான்சுக்குச் சொந்தமான தீவு இருக்கிறது. அங்கே பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளோடு வந்த 87 பேரைப் பரிசோதித்த மருத்துவர்கள் 1999-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அவர்களில் 22 பேருக்கு மட்டுமே வழக்கமான பார்க்கின்சன். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வேறு வகை: சீக்கிரமே நிலைதடுமாறி விழுவார்கள், புத்தி மங்கும், வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரைக்குச் சரியாகக் கேட்காது. இவர்கள் முள்சீத்தாப் பழத்தை நிறையச் சாப்பிட்டவர்கள், இலையைக் கஷாயமாகவும் குடித்தவர்கள். அந்தச் செடியில் அனோனாசின் என்ற பொருள் இருக்கிறது. உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாவின் வேலையை அது தடுக்கிறது. எலிகளின் ரத்தத்தில் அதைத் தொடர்ந்து செலுத்தியபோது மூளையில், உடல் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் செத்தன.

அளவையும் பார்க்க வேண்டும். ஒரு பழத்தில் ஏறத்தாழ 15 மில்லிகிராம் அனோனாசின் இருப்பதாகவும், டின்னில் அடைத்த சாறு ஒன்றில் 36 மில்லிகிராம் இருப்பதாகவும், ஒரு கோப்பை இலைக் கஷாயத்தில் 0.14 மில்லிகிராம்தான் இருப்பதாகவும் 2005-இல் அளந்து சொன்னார்கள். அதாவது எல்லாரும் பயப்படும் இலைத் தண்ணீரில், பழத்தில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. தினம் ஒரு பழம் என்று ஓராண்டு சாப்பிட்டால், எலிகளுக்குக் கொடுத்த அளவுக்குச் சமமாகும் என்று அதே ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் எலிக்கு அது நேராக ரத்தத்தில் போனது, நாம் வாயால் சாப்பிடுகிறோம். 2010-இல் பிரான்சின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு இதையெல்லாம் ஆராய்ந்து, தொடர்பை உறுதிசெய்ய முடியவில்லை என்று அறிவித்தது.

எப்போதாவது உணவங்காடியில் ஒரு கோப்பை முள்சீத்தாச் சாறு குடிப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். தினமும் மருந்தாகக் குடிப்பதைத்தான் நான் வேண்டாம் என்பேன். அது மனிதர்களுக்குப் புற்றுநோயைத் தடுக்கும் என்று முறையான எந்தச் சோதனையும் காட்டவில்லை. ஆதாயமே இல்லாத இடத்தில் சிறிய ஆபத்தைத்தான் ஏன் எடுக்க வேண்டும்? அவர் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுபவர், ஆகவே பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை போகும்போது இதைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

தமிழ் மூலிகை எழுதியது:

இளங்கோ, இயற்கையில் கிடைப்பதை எல்லாம் விஷம் என்று சொல்லி மாத்திரையை மட்டும் விழுங்கச் சொல்வது நியாயமா? நம் பாட்டி, பூட்டி காலத்திலிருந்து கஷாயம் குடித்துத்தான் எண்பது வயது வரை இருந்தார்கள்.

மருந்தகத்து இளங்கோ எழுதியது:

கஷாயம் எல்லாவற்றையும் நான் குறை சொல்லவில்லை. சுக்கும் மிளகும் என் வீட்டிலும் கொதிக்கின்றன. ஆனால் முள்சீத்தா நம் பூட்டி அறிந்த செடியே இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. சித்த மருத்துவத்தில் எதை எவ்வளவு கொடுப்பது, எப்படிச் சுத்திசெய்வது, எத்தனை நாளில் நிறுத்துவது என்று வரைமுறை உண்டு. வாட்ஸ்அப் செய்தியில் அந்த வரைமுறை எங்கே இருக்கிறது? அரளியும் கடவுள் படைத்ததுதான், அதன் கொட்டையை ஊரில் யாரும் மருந்தென்று அரைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது அவசரமானது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. பெலிம்பிங் என்று நாம் சாறு பிழிந்து குடிக்கிறோமே, அதேதான். அதிலுள்ள கரம்பாக்சின் என்ற நஞ்சு சிறுநீரில் வெளியேற வழியில்லாமல் மூளைக்குப் போய் விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும். உயிர் போனவர்களும் உண்டு.

குளுவாங் ராணி எழுதியது:

இழையின் தலைப்பில் “தோட்டத்து மருந்து” என்று பார்த்தவுடன் படிக்க உட்கார்ந்தேன். இதுவரை பழத்தையும் இலையையும் பற்றியே பேசியிருக்கிறீர்கள். என் அம்மாவைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

மலேசியாவின் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். திருமணமாகிச் சிங்கப்பூரில் ஊட்லண்ட்ஸ் வந்தேன். அம்மா அந்தத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கும்பலில் இருந்தார். அந்தக் கும்பலில் கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள். நிரந்தர வேலை கிடையாது, அடித்த நாளுக்குத்தான் கூலி. முதுகில் பம்பு. வலக்கையில் குழல், இடக்கையால் கைப்பிடியை மேலும் கீழும் அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். பழைய பம்பின் மூடி சரியாக மூடாது. குனியும்போதெல்லாம் மருந்து வழிந்து சட்டையை நனைக்கும், அந்த ஈரத்தோடுதான் மதியம் வரை நிரை நிரையாக நடப்பார்கள். மண்டோர் (மேற்பார்வையாளர்) கலக்கச் சொன்ன அளவுக்குப் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தண்ணீரில் ஊற்றுவார்கள். கையுறை கொடுத்த காலமும் உண்டு, கொடுக்காத காலம்தான் அதிகம். கொடுத்ததும் வெயிலில் வேகிறது என்று கழற்றிப் போடும்படியான ரப்பர்.

அம்மாவின் விரல் நகங்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளை வெள்ளையாகப் பட்டை விழும், பிறகு நகம் கறுத்துத் தூக்கிக்கொண்டு வரும். மூக்கில் ரத்தம் வடியும். தோட்டத்து டிரஸ்ஸரிடம் போனால் சூடு என்பார், ஊதா மருந்தைத் தடவி அனுப்புவார். வீட்டுக்கு வந்து குளிப்பதற்கு முன்பே தம்பி ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்வான். அம்மா அவனைத் தள்ளிவிடுவார். ஏன் தள்ளுகிறார் என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறார். அறுபதைத் தாண்டியதும் வலக்கை நடுங்கத் தொடங்கியது. கையெழுத்து எறும்பு போலச் சிறுத்தது. பார்க்கின்சன் என்றார் மருத்துவர். நான் தோட்ட வேலையைப் பற்றிச் சொன்னேன். “வயதானால் வரும் நோய்தான் இது” என்று அதோடு முடித்துவிட்டார். எனக்கு யார் மேலும் வழக்குப் போட வேண்டும் என்ற எண்ணமில்லை. ஆனால் அந்த மருந்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்று யாராவது நேராக எனக்குச் சொல்ல வேண்டும்.

அறிவியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

ராணி அம்மா, உங்கள் அம்மாவுக்கு வந்தது பாராகுவாட்டால்தான் என்று தனியொருவரைக் காட்டிச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால், அதைச் சந்தேகிக்க வலுவான காரணங்கள் உண்டு. நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன், தெரிந்த வரையில் வரிசையாகச் சொல்கிறேன்.

1982-இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று மரக்கட்டை போல உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். முதியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும் பார்க்கின்சன், இவர்களுக்குச் சில நாட்களில் வந்திருந்தது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துருவிப் பார்த்தபோது, கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளில் எம்பிடிபி என்ற கலப்படம் இருந்தது தெரிந்தது. மூளைக்குள் அது எம்பிபி-பிளஸ் என்ற பொருளாக மாறி டோபமின் நரம்பணுக்களைத் தேர்ந்தெடுத்துக் கொன்றிருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் இந்த நோயைப் போன்ற நிலையை உண்டாக்க முடியும் என்பதை மருத்துவ உலகம் அன்றுதான் கண்ணால் பார்த்தது. அந்த எம்பிபி-பிளஸின் மூலக்கூறு வடிவம் பாராகுவாட்டின் வடிவத்துக்கு மிக நெருங்கியது. அதனால்தான் எல்லாருடைய பார்வையும் களைக்கொல்லியின் பக்கம் திரும்பியது. ஆனால் பாராகுவாட் கொல்லும் வழி வேறு: உயிரணுவுக்குள் ஆக்சிஜனை ஓயாமல் நச்சு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும்.

பிறகு அமெரிக்காவில் பூச்சிமருந்து தெளித்தவர்களிடையே நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பாராகுவாட் பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் ஏறத்தாழ 2.5 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களிடமும் அதே அளவுதான். எல்லா ஆய்வுகளும் இதே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. பாராகுவாட்டைத் தயாரிப்பவர்கள் தொடர்பை மறுக்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 2007 முதல் இல்லை. மலேசியா 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் அதை விலக்கிக்கொண்டு, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முற்றிலும் தடைசெய்தது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் யார் முதுகில் பம்பு இருந்தது என்பது ராணி அம்மாவின் பதிவில் இருக்கிறது. என் மனம் ஆறவில்லை.

ரோட்டினோனைப் பற்றி ஒரு சிறு செய்தி, நம் ஊர்க்காரர்களுக்காக. அது தூபா வேரிலிருந்து வருவது. மலாய்க் கிராமங்களில் ஆற்றில் அதை இடித்துக் கலந்து மீன் பிடிப்பார்களே, அந்த வேர்தான். ஆக்ஸ்லி ரோட்டுக்குப் பெயர் கொடுத்த தாமஸ் ஆக்ஸ்லி, சிங்கப்பூரில் சாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த மருத்துவர், இலை தின்னும் புழுக்களுக்குத் தூபாவைப் பரிந்துரைத்து 1848-இல் எழுதினார். முழுக்க முழுக்க இயற்கையானது என்று பிற்காலத்தில் இயற்கை விவசாயிகளும் இதை நம்பித் தெளித்தார்கள். 2000-இல் எலிகளுக்கு இதை மெல்ல மெல்லச் செலுத்திப் பார்த்தபோது, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் இருப்பது போன்ற புரதத் திரட்டுகளே உண்டாயின. அனோனாசின், எம்பிபி-பிளஸ், ரோட்டினோன் மூன்றும் மைட்டோகாண்டிரியாவில் ஒரே இடத்தைத்தான் அடைக்கின்றன. ஒன்று பழத்தில் இருக்கிறது, ஒன்று ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, ஒன்று வேரில் இருக்கிறது. மூளைக்கு இந்த வேற்றுமை தெரியாது.

தமிழ் மூலிகை எழுதியது:

ராணி அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் சித்தியும் தோட்டத்தில் இருந்தவர்தான். ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. இது பரம்பரையாக வருவது என்றல்லவா படித்திருக்கிறேன்?

அறிவியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

சிலருக்குப் பரம்பரைதான், குறிப்பாக இளவயதில் வருபவர்களுக்கு. அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போரில் பணியாற்றிய இரட்டையர்கள் ஏறத்தாழ 20,000 பேரை வைத்து 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. ஐம்பது வயதுக்குப் பிறகு நோய் தொடங்கியவர்களில், ஒரே கரு இரட்டையருக்கும் சாதாரண இரட்டையருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. மரபணு மட்டுமே காரணமென்றால் அப்படி இருக்க முடியாது.

நம் ஊரிலும் நல்ல ஆய்வு உண்டு. 1993 முதல் 1998 வரை 63,257 சிங்கப்பூர்ச் சீனர்களைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். கறுப்புத் தேநீர் நிறையக் குடித்தவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வந்தது என்று 2008-இல் எழுதினார்கள். அன்றாடம் வாய்க்குள் போவது இரு பக்கமும் வேலை செய்யக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன். தேநீரை மருந்தாக்கிவிட வேண்டாம்.

தஞ்சாவூர் செந்தில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கப்பல் பட்டறையில் வெல்டிங் மேற்பார்வையாளர். எங்கள் வேலையிலும் இப்படி ஒன்று உண்டு: மாங்கனீசு. வெல்டிங் கம்பியிலும் எஃகிலும் அது இருக்கிறது, புகையாகி மூச்சோடு உள்ளே போகிறது. திறந்த வெளியில் பெரிய சிக்கலில்லை. கப்பலின் டேங்குக்குள் இறங்கிச் செய்யும்போதுதான் ஆபத்து. ஆள் நுழையும் துளை ஒன்றுதான் வழி. உறிஞ்சு விசிறியின் குழாய் புகை எழும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலை வேகத்தில் யாராவது காலால் தள்ளிவிடுவார்கள், குழாய் எங்கோ கிடக்கும், விசிறி மட்டும் சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஏறி வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை பழுப்பாகும். புதிதாக வரும் தம்பிகளிடம் நான் முதலில் காட்டிக் கொடுப்பது இந்தக் குழாயைத்தான். விசிறி ஓடுகிறதா என்று கேட்காதே, குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்.

மாங்கனீசு நோய் புதிதல்ல. கூப்பர் என்ற மருத்துவர் 1837-இலேயே ஸ்காட்லாந்தில் மாங்கனீசு அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் கண்டு எழுதியிருக்கிறார். பார்க்கின்சன் போலவே தோன்றும், ஆனால் அதே நோயில்லை. முதலில் எரிச்சலும் கோபமும் வரும், பிறகு குதிகால் தரையில் படாமல் நடப்பார்கள், பின்பக்கமாக விழுவார்கள். பார்க்கின்சன் மாத்திரை அவ்வளவாக உதவாது. கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட காலம் புகையை மூச்சிழுக்கும் சாதாரண வெல்டருக்கு இது எவ்வளவு வரும் என்பதில்தான் விவாதம் நடக்கிறது. விவாதம் முடியும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. கடன் வாங்கி வந்து தங்குவிடுதியில் கிடந்து உழைப்பவன், ஊர் திரும்பிய பிறகு இருபது ஆண்டு கழித்து நடுங்கினால் அவனை எந்தக் கணக்கில் யார் எழுதுவார்கள்?

பிடோக் கோமதி எழுதியது:

அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் மறதி நோய் வரும் என்கிறார்களே? எங்கள் வீட்டு இட்லிப் பானை அலுமினியம்தான்.

செவிலியர் பானு எழுதியது:

கோமதி, 1965-இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்திப் பார்த்ததிலிருந்து கிளம்பிய அச்சம் அது. பாத்திரத்துக்கும் அல்சைமர் நோய்க்கும் தொடர்பிருப்பதாக அதன் பிறகு உறுதியாகவில்லை. இட்லிப் பானையை வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் புகைமூட்டக் காலத்தில் சன்னலைச் சாத்துங்கள். 2013 ஜூன் 21-இல் காற்றுத் தரக் குறியீடு 401-ஐத் தொட்டது நினைவிருக்கும். முதுமை மறதிக்குக் குறைக்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் காற்று மாசை லான்செட் ஆணையம் 2020-இல் சேர்த்துவிட்டது. அதே பட்டியலில் காது கேளாமையும் ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன.

அறிவியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

வளர்மதியின் மாமியார் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கடவுள் படைத்ததில் விஷம் இருக்குமா? இருக்கும். ஆனால் யாரைத் தாக்கியது என்று பாருங்கள்.

கேசரிப் பருப்பு மழை பொய்த்தாலும் வளரும். வறட்சியில் மற்றதெல்லாம் கருகும்போது வட இந்தியாவிலும் வங்காளத்திலும் எத்தியோப்பியாவிலும் ஏழைகளுக்கு அதுதான் சோறு. மாதக்கணக்கில் அதையே தின்றவர்களின் கால்கள் விறைத்து, கோலூன்றி நடக்கவேண்டி வந்தது. அதிலுள்ள நஞ்சை 1964-இல் பிரித்துக் காட்டியவர்கள் இந்திய அறிவியலாளர்களே. விற்பனையை இந்தியா 1961-இலேயே தடைசெய்திருந்தது. ஆப்பிரிக்காவில் மரவள்ளியால் வரும் கொன்சோ நோயும் அப்படித்தான், 1938-இல் காங்கோவில் முதலில் விவரித்தார்கள். கசப்பு மரவள்ளியில் சயனைடு உண்டு, பல நாள் ஊறவைத்தால் போய்விடும். பஞ்சமும் போரும் வந்தால் ஊறவைக்க நேரமில்லை, சயனைடை முறிக்க உதவும் புரதமும் சாப்பாட்டில் இல்லை. முதலில் விழுபவர்கள் பெண்களும் குழந்தைகளும். ஜப்பானியர் காலத்தில் இங்கே நம் முன்னோரும் மரவள்ளியைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். இன்று சந்தையில் வாங்கும் கிழங்கைத் தோலுரித்து நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவதில் பயமில்லை.

எல்லாவற்றிலும் புதிரானது குவாம் தீவு. அங்குள்ள சமோரோ மக்களிடம் 1950-களில் தசைகளை முடக்கும் நரம்பணு நோய் மற்ற இடங்களைவிட 50 முதல் 100 மடங்கு இருந்தது. சிலருக்கு அதோடு நடுக்குவாதமும் மறதியும் சேர்ந்து வந்தன. ஈந்து போன்ற சைக்காஸ் மரத்தின் விதையை ஊறவைத்து மாவாக்கி அடை சுடுவார்கள். அந்த விதையில் பிஎம்ஏஏ என்ற நஞ்சு இருப்பதை 1967-இல் கண்டார்கள், 1987-இல் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கழுவிய மாவில் அவ்வளவு நஞ்சு மிஞ்சாதே என்று மற்றவர்கள் மறுத்தார்கள். விதையைத் தின்ற பழவௌவாலைத் தின்றதால் இருக்கலாம் என்று 2002-இல் இன்னொரு கருத்து வந்தது. அதற்குள் அங்கே நோயே குறைந்துகொண்டு வந்துவிட்டது. வாழ்க்கைமுறை மாறிய ஒரே தலைமுறையில் ஒரு நோய் குறைந்தால், அது மரபணுவால் மட்டும் வந்திருக்க முடியாது. எதனால் என்ற கேள்வி மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது.

செவிலியர் பானு எழுதியது:

ராணி அக்கா, உங்களுக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது வாயால் மட்டும் சொல்லாதீர்கள், ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை மருந்தடித்தார், வாரத்தில் எத்தனை நாள், டின்னில் என்ன பெயர் இருந்தது, முதுகு நனைந்ததா, கிணறு எங்கே இருந்தது, நகமும் மூக்கும் எப்படி இருந்தன. பிறகு நோயின் கதை: வாசனை தெரியாமல் போனது எப்போது, மலச்சிக்கல் எப்போது தொடங்கியது, தூக்கத்தில் கத்துவாரா. நடுக்கத்துக்குப் பல ஆண்டு முன்பே இவை வரக்கூடும் என்பதால் மருத்துவர்கள் இதைக் கவனிப்பார்கள். சிகிச்சை இதனால் மாறாமல் போகலாம். ஆனால் அம்மாவின் மருத்துவக் கோப்பில் அவருடைய வேலை பதிவாகும்.

தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கும் இதையே சொல்வேன். உலோகப் பாகங்களில் எண்ணெய் போக்கக் கழுவும் டிரைகுளோரோஎத்திலீன் கலந்த குடிநீரைக் குடித்த அமெரிக்கக் கடற்படையினரிடம், பார்க்கின்சன் ஆபத்து 70 விழுக்காடு அதிகம் என்று 2023-இல் ஓர் ஆய்வு சொன்னது.

குளுவாங் ராணி எழுதியது:

நன்றி பானு. நன்றி ஐயா. நேற்று இரவு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். டின்னின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் கும்பலில் இருந்த பெண்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார், யார் வீடு எந்த வரிசையில் என்பது உட்பட. அவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள். சிலர் ஜொகூர் பாருவில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் பேசப் போகிறேன். இங்கே தோட்டத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால், உங்கள் அம்மா எந்த ஆண்டுகளில், என்ன மருந்து அடித்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

தமிழ் மூலிகை எழுதியது:

என் சித்தி, சிகாமட் பக்கம். 1979-இல் தொடங்கித் தோட்டம் கைமாறும் வரை. பாராகுவாட்தான், டின்னைக் கழுவி வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். நடுக்கம் இல்லை, ஆனால் ஓராண்டாக நடை மிகவும் தளர்ந்துவிட்டது, வாசனை எதுவும் தெரிவதில்லை என்கிறார். அவரை எங்கே காட்டுவது என்று பானு அக்கா சொல்ல முடியுமா?

செவிலியர் பானு எழுதியது:

முதலில் அவர் இருக்கும் ஊரின் அரசு மருந்தகத்தில் காட்டி, நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நடை தளர்ந்தது என்று மட்டும் சொன்னால் மூட்டுவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாசனை போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் நடப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள், கை வீசி நடக்கிறாரா என்று மருத்துவர் பார்ப்பார். தண்ணீர் பிடித்த அந்த டின் விஷயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.